கொங்கு நாட்டுச் சாப்பாடு என்பது எது? ஒரு நாட்டின் ருசி எப்படி உருவாகிறது?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கங்க. சேலத்திலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் ‘கொங்கு நாட்டு விருந்து’ என்று பலகை வைத்த கடைகள் நிறைய வந்துவிட்டன. பள்ளிபாளையம் சிக்கன், சிந்தாமணி சிக்கன், நாட்டுக்கோழிக் குழம்பு, குடல் வறுவல். சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளில் வாரம் பூராவும் வேகிற உப்புப்பருப்பு, கொள்ளுப்பருப்பு, பச்சைப்பயறு கடைந்தது, தட்டப்பயறுக் குழம்பு, செலவு ரசம் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் கொங்கு நாட்டுச் சாப்பாடு எது? பலகையில் எழுதியிருப்பதா, வீட்டு அடுப்பில் இருப்பதா?

இதைக் கொஞ்சம் விரித்தும் கேட்கலாம். ஒரு நாட்டுக்கென்று தனிச் சாப்பாடு எப்படி அமைகிறது? சில இடங்களில் அரசாங்கமே முன்னால் நின்று செய்திருக்கிறது. சயாம் என்ற பெயரை 1939-ல் தாய்லாந்து என்று மாற்றிய பிபுன் சொங்க்ராம் ஆட்சி, அதே காலத்தில் நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி மக்களை ஊக்கப்படுத்தியது. சீனர்கள் வழியாக வந்த நூடுல்ஸ், அந்த ஊர்ப் புளியோடும் மீன்சாற்றோடும் சேர்ந்து ‘பாட் தாய்’ ஆயிற்று. இன்றைக்குத் தாய்லாந்து என்றாலே வெளிநாட்டுக்காரருக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

நமக்கு அப்படி யாரும் செய்து தரவில்லை. கொங்கு நாட்டுக்குக் கொடியும் இல்லை, எல்லைச் சாவடியும் இல்லை. இருந்தும் கரூரில் பஸ் ஏறி உடுமலைப்பேட்டையில் இறங்கினால் வீட்டுச் சாப்பாடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. திருச்சியைத் தாண்டினால் மாறிவிடுகிறது. என் கணக்கு இது: முதலில் மழை, அப்புறம் மண், அப்புறம் மாடு. நம் வட்டலில் என்ன விழும் என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்தன. பெயர் வைத்ததெல்லாம் ரொம்பப் பின்னால். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


மேட்டுக்காடு

அண்ணா சொன்ன மூன்றில் மாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நாங்கள் காங்கேயம் பக்கம், கொறங்காடு வைத்திருக்கிற குடும்பம்.

மேற்கே இருக்கிற மலை மழையைப் பிடித்துக்கொள்கிறது. வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. மலை இறங்கி வந்தால் கோயமுத்தூர்ச் சமவெளியில் வருஷத்துக்கு 60, 70 சென்டிமீட்டர்தான். காங்கேயம், மூலனூர், தாராபுரம் எல்லாம் மானாவாரிக் காடு. அந்த மழையை நம்பி நெல் போட முடியாது. கம்பு வரும், சோளம் வரும், கொள்ளு வரும். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் பாசனத்திலும் இருந்தவர்களுக்குத்தான் அரிசி. மற்றவர்களுக்கு அரிசிச்சோறு நோம்பிக்கும் (பண்டிகைக்கும்) விருந்தாளிக்கும்.

இங்கே பயிரைத் தேர்ந்தெடுத்ததில் மாட்டுக்கும் பங்கு உண்டு. சோளம் போட்டால் தானியம் ஆளுக்கு, தட்டு (காய்ந்த தண்டு) மாட்டுக்கு. கொள்ளை வேகவைத்தால் தண்ணீரை இறுத்து ரசம் வைப்பார்கள். வெந்த கொள்ளில் ஒரு பங்கு உரலில் ஆட்டிக் கொள்ளுப்பருப்பாகும், மிச்சம் உழவு மாட்டுக்குப் போகும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். ஆனால் கொள்ளை மருந்தாக இல்லாமல் வாராவாரம் சோறாகச் சாப்பிட்டது நாம்தான் என்று நினைக்கிறேன்.

கொறங்காடு தெரியாதவர்களுக்காக: உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாடும் எருமையும் ஆடும் மாற்றி மாற்றி மேயும். மழை பொய்த்த வருஷத்திலும் அந்தப் புல் கொஞ்சம் நிற்கும். ஊத்துக்குளி வெண்ணெய் பெயர் வாங்கியது இந்த மாதிரி மேய்ச்சலால்தான். குழம்புக்கு முன்னால் பருப்பும் நெய்யும் போடுவது தமிழ்நாடு முழுக்க உண்டு. இங்கே பல வீடுகளில் அதுவேதான் சாப்பாடு. உப்புப்பருப்பு, நெய், அப்புறம் ரசம், தயிர், அவ்வளவுதான். காய்கறி விளையத் தண்ணீர் இல்லாத, ஆனால் பயறும் பாலும் இருந்த ஊரின் சாப்பாடு அது.


கூடுதுறை

மன்னிக்கணும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

வறண்ட நிலத்தில் கம்பும் சோளமும் கோவில்பட்டியிலும் விளைகிறது, ராயலசீமையிலும் விளைகிறது. ராகிக்களி மைசூர்ச் சீமையின் சாப்பாடு. 1799-ல் திப்பு சுல்தான் வீழும்வரை கோயமுத்தூர் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. ஒப்பிட்டு (போளி) அவர்களிடமும் உண்டு. தேங்காய்ப்பாலில் மலையாளத்துக்காரர்கள் நம்மைவிடப் பெரிய ஆட்கள். பள்ளிபாளையம் சிக்கனின் உயிரே வரமிளகாய். அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு, 1500-க்கு அப்புறம்தான் இந்தியாவுக்கே வந்தது. நிலக்கடலை, தக்காளி, மரவள்ளி மூன்றுக்கும் தாயகம் அதே கண்டம்தான். இதையெல்லாம் எடுத்துவிட்டால் நம்முடையது என்று எது மிஞ்சும்?

செட்டிநாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பர்மா, மலாயா, இலங்கை என்று வியாபாரத்துக்குப் போனார்கள். பணம் வந்தது, பெரிய வீடு வந்தது, சமையலுக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பலகாரம் செய்து பார்க்க நேரமும் ஆளும் இருந்தால்தான் சமையல் வளரும். கொங்கு நாட்டில் விடிந்தால் காடு, இருட்டினால் தூக்கம். 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலமும் கோயமுத்தூரும் பட்ட பாடு சரித்திரத்தில் இருக்கிறது. பஞ்சம் பிழைத்த ஊரில் சமையல் கலை எங்கிருந்து வரும்? செட்டிநாட்டுப் பலகை நன்றாக ஓடியதைப் பார்த்துக் கடைக்காரர்கள் நமக்கும் ஒன்று செய்திருக்கிறார்கள். வியாபாரத்துக்கு அது சரி. அதைப் பண்பாடு என்று சொல்லாதீர்கள்.


ஏற்காடு அடிவாரம்

கூடுதுறை அவர்களே, வெளியிலிருந்து வந்ததைக் கழித்துக்கொண்டே போனால் எந்த நாட்டிலும் ஒன்றும் மிஞ்சாது. இத்தாலிக்காரர் சமையலில் தக்காளியை எடுத்துவிட முடியுமா? அதுவும் அமெரிக்காவிலிருந்து போனதுதான்.

எங்கள் சேலத்து ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அது மலேயாப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் நின்றதும் இங்கே மரவள்ளிக் கிழங்கில் மாவெடுத்துச் செய்யத் தொடங்கினார்கள். 1981-ல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே அமைத்தார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கு தென் அமெரிக்காவுடையது. பண்டம் மலேயாவுடையது. ஆனால் மேட்டூரிலிருந்து ஆத்தூர் வரை எத்தனை குடும்பம் அதில் சாப்பிடுகிறது! சித்திரை மாதம் எங்கள் தெருவில் மொட்டை மாடிக்கு மாடி ஜவ்வரிசி வடகம் காய்கிறது. இதை எங்களுடையது இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்று, பொருளை மட்டும் பார்த்தால் போதாது, எந்த நாளில் யாரோடு சாப்பிடுகிறோம் என்பதும் இருக்கிறது. ஆடி ஒன்றாம் தேதி நாங்கள் தேங்காய் சுடுவோம். முழுத் தேங்காயை நார் உரித்துத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டு, பச்சைப்பயறு, அரிசி, எள்ளு, பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியைச் செருகி, தெருவில் தீ மூட்டி எல்லா வீட்டுக்காரரும் உட்கார்ந்து சுடுவோம். ஓடு வெடித்து மணம் வந்ததும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுத்தான் உடைப்போம். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று காவிரி ஓரமாக இந்த வழக்கம் இருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து வந்த எங்கள் மருமகளுக்கு இது புதிதாக இருந்தது. அதனால் கொங்கு நாடு முழுக்க ஒரே சாப்பாடு என்பதையும் நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே பல ருசி இருக்கிறது.


சிராங்கூன் சாலை

ஈரோட்டுக்காரன், இப்போது இருப்பது சிங்கப்பூர். இங்கிருந்து பார்ப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த நாட்டுச் சாப்பாட்டில் கோழிச்சோறு ஹைனான் தீவுக்காரர்கள் கொண்டுவந்தது, நாசி லெமாக் மலாய்க்காரர்களுடையது, பராத்தா நம் ஆட்களுடையது. எல்லாம் வந்தவர்களின் சாப்பாடு. தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை அரசாங்கம் 1970-களில் குடிநீர், கழிவுநீர் வசதியோடு கட்டிய உணவங்காடிகளுக்கு மாற்றியது. எல்லா இனத்துக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் அங்கேதான் வேர் பிடித்தது. 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் எந்த ஒரு பதார்த்தமும் இல்லை, அந்த உணவங்காடிப் பழக்கம்தான்.

ஜப்பானிலும் இப்படி ஒன்று உண்டு. நம் நாட்டுக் குழம்பு வெள்ளைக்காரன் கையில் கறித்தூளாகி, மெய்ஜி காலத்தில் ஜப்பானுக்குப் போனது. இன்றைக்குக் கறிச்சோறு அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அன்றாடச் சாப்பாடு. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்தியா என்பார்கள். யாருடையது என்று கேட்டால் எங்களுடையது என்பார்கள்.

கூடுதுறை சொன்ன ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படுகிறது. பெயர் பெரும்பாலும் வெளியே போனவர்களாலும் விற்கிறவர்களாலும்தான் வருகிறது. ஈரோட்டில் இருந்தவரை அரிசியும் பருப்பும் (இரண்டையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கிற சோறு) எனக்கு ஒரு சாப்பாடாகவே தோன்றியதில்லை, அம்மாவுக்கு நேரமில்லாத நாளில் செய்வது. இங்கே வந்த பிறகு மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அது எங்கள் ஊருடையது என்று தெரிந்தது.


தெற்கு வளவு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ‘நம் வீட்டில்’ என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆட்கள் அருந்ததியர். பண்ணையத்தில் இருந்தவர்கள். எங்கள் தாத்தா காலத்தில் கூலி பணமாக வரவில்லை, படி கணக்கில் கம்பும் சோளமுமாக வந்தது. வேலை செய்த வீட்டு வாசலில் தூக்குப்போசியில் வாங்கி வந்த பழைய சோறும் சாப்பாடுதான். உப்புப்பருப்பும் நெய்யும் எங்கள் வளவில் எப்போதாவது. எங்களுக்கு நெய் விழுந்தது கல்யாணத்தில்கூட எல்லோருக்கும் இல்லை.

எங்கள் சமையல் வேறு. மாட்டுக்கறி, குடல், ரத்தப் பொரியல், வெயிலில் காய வைத்த உப்புக்கண்டம், காட்டில் பறித்த கீரை, வயலில் பிடித்த எலி. பஞ்சத்திலும் உயிரைக் காப்பாற்றியது இதுதான். எந்தக் கொங்கு விருந்துக் கடைப் பட்டியலிலும் மாட்டுக்கறி இல்லை. கோயமுத்தூரிலேயே எத்தனையோ பேர் வாரம் தவறாமல் சாப்பிடுகிற கறி அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேட்டுக்காடு அவர்கள் மழை, மண், மாடு என்பதைப் பற்றி அழகாக எழுதினார். மழை இல்லாத ஊரில் கிணற்றுத் தண்ணீர் எப்படி மேலே வந்தது? கவலை ஓட்டி. மாடு இழுக்க, தோல் பறியில் தண்ணீர் ஏறியது. அந்தப் பறியைத் தைத்தவர்கள் எங்கள் ஆட்கள். செத்த மாட்டைச் சுமந்து போய், தோலை உரித்துப் பதப்படுத்தி, கறியை நாங்கள் சாப்பிட்டோம். தோல் உங்கள் கிணற்றுக்கு வந்தது. அந்தக் கறியைச் சாப்பிட்டதால் எங்களைத் தள்ளி வைத்தார்கள். அந்தத் தோலில் ஏறிய தண்ணீரில் விளைந்ததைத்தான் கொங்கு நாட்டுச் சாப்பாடு என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். மழைக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் எங்கள் கையையும் எழுதுங்கள்.


மேட்டுக்காடு

நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் உண்மைங்க. கவலை ஓட்டிய கிணறு எங்கள் தோட்டத்திலும் இருக்கிறது. பறி தைத்துக் கொடுத்தவர்களை அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்த விடவில்லை என்பதும் எங்கள் வீட்டில் தெரிந்த விஷயம்தான். ஒரு நாட்டின் சாப்பாடு என்று எழுதும்போது அதைச் சமைத்தவரையும் சாப்பிட்டவரையும் மட்டும் எழுதிவிட்டு, தண்ணீர் இறைத்தவரை விடுவது நியாயமில்லை.

தண்ணீர் மாறினதோடு சாப்பாடு மாறின கதையையும் சேர்க்கிறேன். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கவலை போய் பம்புசெட் வந்தது. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்கு. இந்த வாய்க்காலின் முறையே தனி. நிலத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கான தண்ணீர், அடுத்து மறுபாதிக்குக் கடலை, எள்ளு மாதிரிப் புஞ்சைப் பயிருக்கான தண்ணீர். வருஷத்துக்கு வருஷம் மாறி வரும். அதனால் ஒரே வீட்டில் ஒரு வருஷம் நெல்லு மூட்டை, மறு வருஷம் கடலை மூட்டை. செக்கில் ஆட்டின கடலெண்ணெய், வேகவைத்த கடலைக்காய், கடலை உருண்டை, கடலைச் சட்னி எல்லாம் நம் வீடுகளில் இவ்வளவு புழங்குவதற்கு அந்த வாய்க்கால் முறையும் ஒரு காரணம். அதற்கு முன்னால் 13-ஆம் நூற்றாண்டிலேயே காலிங்கராயன் வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் நஞ்சை கொடுத்திருக்கிறது. மஞ்சளும் கரும்பும் அந்தக் கரையில் வந்தது தண்ணீர் இருந்ததால்தான்.


முட்டைக்கோழி

நாமக்கல். சுருக்கமாக. கம்பும் சோளமும் போனதற்கு வாய்க்கால் பாதிக் காரணம், ரேஷன் அரிசி மீதிப் பாதி. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம். கம்பு இடிக்க யாருக்கு நேரம் இருக்கும்? பசித்த வீட்டுக்கு அரிசி வந்தது நல்லதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. அப்புறம் எங்கள் ஊர் முட்டை. சத்துணவில் முட்டை போடத் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சாப்பிடுகிற கொங்கு நாட்டுப் பண்டம் அதுதான். பாரம்பரியம் பேசுகிறவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.


கூடுதுறை

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். தெற்கு வளவு எழுதியது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஆனால் என் கேள்வி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சாப்பாடு இருப்பது வேறு, அது ஒரு நாட்டின் அடையாளமாவது வேறு. அடையாளமாக ஊரே கூடி ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் எனக்குத் தெரிந்து பழனி பஞ்சாமிர்தம் ஒன்றுதான். விருப்பாச்சி மலைவாழை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சம்பழம், கற்கண்டு. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர் எந்தச் சாதி, எந்த ஊர் என்றாலும் டப்பா வாங்காமல் திரும்புவதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வந்தது பிறகுதான். அதற்கு ரொம்ப முன்பே மக்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். உப்புப்பருப்புக்கும் கொள்ளுக்கும் அந்த ஒப்புதல் இருக்கிறதா? பந்தியில் போட வெட்கப்படுகிறோமே. கல்யாணத்தில் இப்போது பனீர் போடுகிறார்கள், சந்தகையை (அரிசிச் சேவையை) காணோம்.


நொய்யல்கரை

கூடுதுறை சொன்ன வெட்கம் நிஜம். கம்பங்கூழும் களியும் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கினோம், இப்போது சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சொன்ன பிறகு பாக்கெட்டில் வாங்குகிறோம். ஆனால் ஒப்புதல் பந்தியில் மட்டும்தான் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்றாடம் வீட்டுக்கு வீடு வைப்பதும் ஒப்புதல்தான். அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு வேலை செய்வோம். இனிமேல் பொதுவாகப் பேசாமல், அவரவர் வீட்டு அரிசியும் பருப்பும் எப்படி என்று ஊர்ப் பெயரோடு இங்கே எழுதுங்கள். எங்கே மாறுகிறது, எங்கே ஒன்றாக இருக்கிறது என்று பார்த்தால் நம் நாட்டின் எல்லை எது என்று தானாகத் தெரியும். நான் தொடங்குகிறேன். பல்லடம் பக்கம்: இரண்டு பங்கு அரிசிக்கு அரைப்பங்கு துவரம்பருப்பு. நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு உரித்து முழுசாக, தக்காளி ஒன்று, மஞ்சள்தூள். தேங்காய் இல்லை. மேலே நெய். தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிர்.


ஏற்காடு அடிவாரம்

சேலம் ஓமலூர்ப் பக்கம்: மிளகும் சீரகமும் தட்டிப் போடுவோம், வரமிளகாய் குறைவு. பூண்டையும் தட்டித்தான் போடுவோம், முழுசாகப் போட்டால் பிள்ளைகள் பொறுக்கி வைத்துவிடும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வதக்கல்.


சிராங்கூன் சாலை

ஈரோடு: எங்கள் வீட்டில் துருவின தேங்காய் கடைசியில் ஒரு கைப்பிடி. தேங்காய் இல்லாமல் செய்தால் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அது வெறும் பருப்புச்சாதம் என்பார்.


நொய்யல்கரை

தேங்காய் போட்டால் அடுத்த வேளைக்குத் தாங்காதுங்களே. காட்டுக்கு எடுத்துப் போகிற சாப்பாடு அது.


தெற்கு வளவு

அவிநாசிப் பக்கம்: எங்கள் வீட்டில் துவரம்பருப்பு விலை ஏறினால் தட்டப்பயறு போடுவோம், அதையும் அரிசியும் பருப்பும் என்றுதான் சொல்லுவோம். ரேஷன் அரிசி, கடலெண்ணெய், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய். உப்புக்கண்டம் இருக்கிற அன்றைக்கு அதைச் சுட்டுத் தொட்டுக்கொள்வோம். அளவு கேட்டால் அரிசி இரண்டு டம்ளர், பயறு ஒரு டம்ளர், தண்ணீர் ஆறு டம்ளர். பயறை மட்டும் முன்னாலேயே வறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அரிசி குழைந்த பிறகும் வேகாது.


மேட்டுக்காடு

காங்கேயம்: நாங்களும் பயறு வறுத்துத்தான் போடுவோம். ஆனால் பச்சைப்பயறு. தட்டப்பயறில் இது வரை செய்ததில்லை, இந்த வாரம் செய்து பார்க்கிறேன். ஆறு டம்ளர் குக்கருக்கா, பானைக்கா?


தெற்கு வளவு

பானைக்குங்க. குக்கர் என்றால் ஐந்து போதும்.